நெக்டன் ராஜா கதையில வருஷமும் உறவும் ஏன் இவ்ளோ குழப்புது? பாட்காஸ்ட் பண்றவருக்கு ஒரு பதில்

கேள்வி: வணக்கம் சார். தமிழ்ல வரலாறு பாட்காஸ்ட் பண்ணிட்டு இருக்கேன். அடுத்த எபிசோடு ஸ்காட்லாந்துல பழைய காலத்துல வாழ்ந்த பிக்ட்ங்கிற மக்களோட ராஜா நெக்டன் பத்தி. ஒரே சம்பவத்துக்கு ஒரு இடத்துல 716ன்னு போட்டிருக்கு, இன்னொரு இடத்துல 717. டெர்-இலேங்கிறது அவரோட அப்பான்னு சிலர் சொல்றாங்க, அம்மான்னு சிலர். துறவியா போயிட்டாருன்னு படிச்சு முடிச்சா, அஞ்சு வருஷம் கழிச்சு போர்ல நிக்கிறாரு. அவரோட நாட்டை மேப்ல ஆளுக்கு ஒரு இடத்துல குறிக்கிறாங்க. எதை நம்பி ஸ்கிரிப்ட் எழுதுறது? கவர் படத்துக்கு என்ன வைக்கலாம்?

பதில்: வணக்கம். ரொம்ப நல்ல ஆளை புடிச்சிருக்கீங்க. பிக்ட் ராஜாக்கள்ல முக்கால்வாசி பேரு நமக்கு வெறும் பேரு, ஆட்சி வருஷம், செத்த வருஷம், அவ்ளோதான். ஆனா நெக்டன் ஒரு சபையில உக்காந்து ஒரு லெட்டர் படிக்கிறதை கேட்டாரு, கேட்டு முடிச்சதும் என்ன பண்ணாரு, அது வரைக்கும் எழுதி வெச்சிருக்காங்க, அதுவும் அவர் உயிரோட இருக்கும்போதே எழுதினது. அந்த காலத்து வடக்கு பிரிட்டன்ல இது லேசுல கிடைக்கிற விஷயம் இல்ல.

நம்பறது பத்தி முதல்ல சொல்றேன், ஏன்னா மத்த கேள்வி எல்லாம் அதுலதான் நிக்குது. உங்களுக்கு மூணே மூணு மூலம் தான் இருக்கு. ஒண்ணு, இங்கிலாந்தோட வடகிழக்குல ஜாரோ மடத்துல இருந்த பீட்ங்கிற துறவி 731ல முடிச்ச திருச்சபை வரலாறு. ரெண்டாவது, அயர்லாந்து ஆண்டுக்குறிப்புகள், அதாவது அல்ஸ்டர் குறிப்பு, டிகெர்னாக் குறிப்புன்னு சொல்ற தொகுப்புங்க. இதோட ஆரம்ப பகுதிக்கு அடித்தளம் ஸ்காட்லாந்து மேற்கு கரையில இருக்கிற அயோனா தீவு மடத்துல வருஷா வருஷம் குறிச்சு வெச்சதுதான், அதனால பிக்ட் சமாச்சாரம் அதுல நிறைய வரும், ஆனா ஒவ்வொண்ணும் ஒரு வரி, காரணம் கீரணம் எதுவும் இருக்காது. மூணாவது பிக்ட் ராஜா பட்டியல், அது நம்ம கைக்கு வர்றது பல நூறு வருஷம் கழிச்சு எழுதின பிரதிகள்ல. அதனால சண்டை வந்தா முதல் ரெண்டையும் புடிச்சுக்கங்க, பட்டியலை கடைசியா பாருங்க. நெட்ல இருக்கிற பல பக்கங்கள் இதை உல்டாவா பண்ணுது, பட்டியல்ல இருக்கிற ஆட்சி வருஷத்தை முதல்ல எடுத்துட்டு மத்ததை அதுக்குள்ள திணிக்க பாக்குது, அங்கதான் எல்லா சிக்கலும்.

வருஷம் ஒண்ணு தள்ளி வர்றதுக்கு காரணம் சிம்பிள். அல்ஸ்டர் குறிப்போட கையெழுத்துப் பிரதியில, 5ஆம் நூற்றாண்டு கடைசில இருந்து 1013 வரைக்கும் வருஷம் எல்லாமே ஒண்ணு குறைவா விழுந்திருக்கு. பழைய புத்தகங்கள் அப்படியே 716ன்னு போட்டாங்க, இப்ப எழுதறவங்க ஒண்ணு கூட்டி 717ன்னு போடறாங்க. நீங்க கூட்டின வருஷத்தையே எபிசோடு முழுக்க பயன்படுத்துங்க, ரெண்டையும் கலந்தீங்கன்னா ஒரு ஆள் ஜெயிலுக்கு போறதுக்கு முன்னாடியே வெளிய வந்துருவாரு.

அப்பா அம்மா விஷயம். ரொம்ப காலமா டெர்-இலேன்னா அப்பான்னுதான் எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க. 2004ல கிளாஸ்கோ பல்கலைக்கழகத்து தாமஸ் ஓவன் கிளான்சி ஒரு கட்டுரை எழுதினாரு, டெர்-இலே ஒரு பிக்ட் அரச குடும்பத்து பொண்ணு, நெக்டனோட அப்பா மேற்கு கரையில டால் ரியாட்டாங்கிற நாட்டு பக்கத்து கெனேல் காம்கல் குலத்தை சேர்ந்த டார்கார்ட்னு. அதுக்கப்புறம் பெரும்பாலான ஆய்வாளர்கள் அந்த பக்கம்தான். இதுக்கு ஒத்துப்போற ஒரு குறிப்பும் இருக்கு பாருங்க: 713ல டிராஸ்டன் மகன் டலோர்கை அவரோட சகோதரர் நெக்டன் ராஜா கட்டிப்போட்டாருன்னு வருது. சகோதரன்னு சொல்லிட்டு அப்பா பேரு வேறயா இருக்கே, அம்மா ஒண்ணு அப்பா வேறன்னா சரியா உக்காருது. ஸ்கிரிப்ட்ல “டெர்-இலேங்கிறது அம்மான்னுதான் இப்ப அதிகமா ஏத்துக்கிறாங்க”ன்னு ஒரே வரில சொல்லிட்டு போயிடுங்க.

இதுக்கு முன்னாடி நடந்ததை ஒரு நிமிஷம் சொல்லியே ஆகணும். 685 மே 20ஆம் தேதி டன் நெக்டைன் போர்ல (அந்த பேர்ல இருக்கிற நெக்டன் நம்மாளு இல்ல, ஜாக்கிரதை) நார்தம்ப்ரியாங்கிற வடக்கு ஆங்கிலேய நாட்டு ராஜா எக்ஃப்ரித்தை பிக்ட் ராஜா ப்ரைடெய் படையோட அழிச்சாரு. அதோட ஆங்கிலேயர் பிடி விட்டுச்சு. 697ல டெர்-இலேயோட இன்னொரு மகன், அவர் பேரும் ப்ரைடெய்தான், ராஜா ஆனாரு. அவருக்கு அப்புறம் 706ல தம்பியோ அண்ணனோ நெக்டன் வந்தாரு. ஆனா எல்லை சும்மா இல்ல, 711ல மானாவ் சமவெளியில நார்தம்ப்ரியாக்காரங்க பிக்ட்டுகளை வெட்டி சாய்ச்சாங்க. உள்ள பாத்தா 713ல சகோதரனையே கட்டிப்போட வேண்டிய நிலைமை. இப்படி ரெண்டு பக்கமும் நெருக்கடில இருந்த ராஜாதான் ஜாரோ மடத்துக்கு தூது அனுப்பறாரு, இதை சொல்லாம நேரா ஈஸ்டர் கதைக்கு போனீங்கன்னா அவர் ஏதோ பக்தி முத்திப்போய் லெட்டர் போட்ட மாதிரி ஆயிடும்.

இப்ப எபிசோடோட உயிர். ஈஸ்டர் எந்த ஞாயித்துக்கிழமைன்னு கணிக்கிறதுல அப்ப ரெண்டு கணக்கு இருந்துச்சு. அயோனா மடமும் அதுக்கு கீழ இருந்த பிக்ட் தேவாலயங்களும் 84 வருஷ சுழற்சி அட்டவணையை வெச்சு, பிறை 14ல இருந்து 20க்குள்ள வர்ற ஞாயிறை எடுத்தாங்க. ரோம் பக்கம் 19 வருஷ சுழற்சி, பிறை 15ல இருந்து 21. நார்தம்ப்ரியா 664ல விட்பி சபையிலேயே ரோம் பக்கம் போயிடுச்சு. தலையை மழிக்கிற முறையும் வேற வேற, ரோம் பக்கத்து துறவிங்க உச்சியை மழிச்சு சுத்தி கிரீடம் மாதிரி வளையமா முடி விடுவாங்க, அயோனாக்காரங்க அப்படி இல்ல. நெக்டன் மடத்தலைவர் செயோல்ஃப்ரித்துக்கு சொல்லி அனுப்பினது இதுதான்: தப்பான நாள்ல ஈஸ்டர் கொண்டாடறவங்களை வாதத்துல மடக்கறதுக்கு ஒரு லெட்டர் எழுதி குடுங்க, மழிக்கிற முறை பத்தியும் எழுதுங்க, அப்படியே ரோமானிய பாணியில கல்லால ஒரு தேவாலயம் கட்ட ஆள் அனுப்புங்க, அதை புனித பீட்டர் பேர்ல அர்ப்பணிக்கிறோம்.

கொத்தனாருங்களும் போனாங்க, லெட்டரும் போச்சு. லெட்டரை பீட் தன் புத்தகத்துல நீளமா அப்படியே சேர்த்திருக்காரு, அதை எழுதினதுல பீட்டோட கையும் இருக்கும்னு பல ஆய்வாளர்கள் நினைக்கிறாங்க, எனக்கும் அப்படித்தான் தோணுது, கால கணக்குல அந்த மடத்துலயே அவரை விட்டா ஆள் இல்ல. ராஜா முன்னாடி, படிச்ச பெரியவங்க நிறைய பேர் இருக்கிற சபையில அந்த லத்தீன் லெட்டரை படிச்சு, தெரிஞ்சவங்க அவங்க பாஷையில மாத்தி சொல்றாங்க. முடிஞ்சதும் நெக்டன் பிரபுக்கள் நடுவுல இருந்து எழுந்து தரையில மண்டி போட்டு, ஆங்கிலேயர் நாட்டுல இருந்து இப்படி ஒரு பரிசு கிடைச்சதுக்கு கடவுளுக்கு நன்றி சொல்றாரு. அதோட நிக்கல, 19 வருஷ அட்டவணையை பிரதி எடுத்து பிக்ட் மாகாணம் எல்லாத்துக்கும் அனுப்பு, 84 வருஷத்தை எல்லா இடத்துலயும் அழின்னு உத்தரவு. துறவிங்க எல்லாரும் கிரீடம் மாதிரி மழிக்கணும். இந்த இடத்துல கொஞ்சம் நின்னு பேசுங்க. ஒரு ராஜா சொன்னா நாடு பூரா இருக்கிற பழைய ஏட்டை அழிச்சு புது ஏட்டை வைக்க முடியுதுன்னா, எழுத தெரிஞ்சவங்க, கொண்டு போய் சேர்க்கறவங்க, நடந்துச்சான்னு பாக்கறவங்க எல்லாம் அங்க இருந்திருக்கணும். பிக்ட்டுன்னா உடம்புல சாயம் பூசின காட்டுவாசின்னு நெனச்சுட்டு இருக்கிற கேக்கறவங்களுக்கு இந்த ஒரு உத்தரவே போதும்.

அடுத்து 717. நெக்டன் அயோனா துறவிகளை பிரிட்டனோட முதுகெலும்பு மலைக்கு அந்த பக்கம், அதாவது மேற்க, துரத்தினாருன்னு குறிப்பு. நிறைய பேரு “ஈஸ்டர் தகராறுனால துரத்தினாரு”ன்னு ஒரே மூச்சுல சொல்லிடறாங்க. அது இடிக்குது, ஏன்னா அயோனாவே 716ல ரோம் ஈஸ்டரை ஏத்துக்கிச்சு. கிரீட மழிப்பை ஏத்துக்கிட்டது 718ல, அதனால அந்த ஒரு சண்டை பாக்கி இருந்திருக்கலாம். ஆனா என் கணிப்பு, பெரிய காரணம் அதிகாரம். தன் நாட்டு தேவாலயங்களுக்கு தலைமை வேற நாட்டு எல்லையில ஒரு தீவுல உக்காந்திருக்கிறதை அவர் விரும்பல. நார்தம்ப்ரியா சபையோட வழிபாட்டு முறையை எடுத்துக்கிட்டாரே தவிர நார்தம்ப்ரியா ராஜாவுக்கு அடங்கிப் போகல, இது அவரோட கெட்டிக்காரத்தனம். பீட் 731ல எழுதும்போது பிக்ட்டுகளுக்கும் ஆங்கிலேயருக்கும் சமாதான ஒப்பந்தம் இருக்குன்னு சொல்றாரு. 711ல ரத்தம் ஓடின எல்லை அது.

துறவி ஆனதுக்கு அப்புறம் நடந்ததை வரிசையா சொல்லிடறேன். 724ல நெக்டன் துறவறம் போறாரு, ட்ரெஸ்ட் ராஜா ஆகறாரு. 726ல அதே ட்ரெஸ்ட் நெக்டனை கட்டிப்போடறாரு, அந்த வருஷமே ட்ரெஸ்டையும் விரட்டிட்டு ஆல்பின் வர்றாரு. 728ல பெர்த் பக்கத்துல மான்க்ரீஃப் குன்றுல ஓங்கஸ்ங்கிற இன்னொரு பிக்ட் தலைவர் ஆல்பினை தோக்கடிக்கிறாரு, ஆல்பினோட மகன் அங்க சாகறாரு, இன்னொரு போர்லயும் தோத்து ஆல்பின் ஓடிப்போக நெக்டன் மறுபடி ராஜா ஆகறாரு. 729ல மோனித் கார்னோ போர், அதே வருஷம் வேற போர்ல ஓங்கஸ் ட்ரெஸ்டை கொல்றாரு. 732ல நெக்டன் சாவு. ஆக துறவறம் போனதும் போர் நடந்ததும் ரெண்டுமே சரி, முரண்பாடே இல்ல. அந்த காலத்துல ராஜா துறவறம் போறது பக்தியாலயும் இருக்கும், கட்டாயத்தாலயும் இருக்கும், நெக்டன் விஷயத்துல எதுன்னு குறிப்பு சொல்லல, அதனால நீங்களும் மனசை கண்டுபிடிச்ச மாதிரி வசனம் எழுத வேணாம். ட்ரெஸ்ட் அவரை ரெண்டு வருஷம் கழிச்சு கட்டிப்போட்டாருங்கிறதை மட்டும் சொல்லுங்க, துறவியா இருந்தும் அவர் ஆபத்தான ஆளாத்தான் தெரிஞ்சிருக்காருன்னு கேக்கறவங்களுக்கே புரியும்.

மோனித் கார்னோவுல ஒரு கண்ணி இருக்கு. ஓங்கஸ் நெக்டனை எதிர்த்து சண்டை போட்டாரா, நெக்டனோட எதிரிகளோட சண்டை போட்டாரான்னு அந்த லத்தீன் வரியை ரெண்டு விதமா படிக்கிறாங்க. செத்தவங்களை நெக்டனோட வரி வசூல் அதிகாரிங்கன்னு குறிப்பு சொல்லுது, பிசெயோட்டும் அவர் மகனும், ஃபின்குனே, ஃபெரோத்னு பேரோட. இதை வெச்சு நான் எதிர்த்து போட்டாருங்கிற பக்கம் சாயறேன், ஆனா நீங்க ரெண்டு வாசிப்பையும் சொல்லிடறது நியாயம். எது எப்படியோ, வரி வசூலிக்க பெரிய குடும்பத்து ஆளுங்களை போட்டிருந்த ராஜாங்கிறது அந்த ஒரு வார்த்தையில தெரியுது, பிக்ட் அரசாங்கம் எப்படி நடந்துச்சுங்கிறதுக்கு இந்த மாதிரி சாட்சி ரொம்ப கொஞ்சம். இந்த உள்நாட்டு சண்டை பத்தி பீட் ஒரு வார்த்தை எழுதல, அதனால பீட்டை மட்டும் படிச்சுட்டு எபிசோடு பண்றவங்க நெக்டனை கடைசி வரைக்கும் நிம்மதியா ஆண்ட ராஜா மாதிரி காட்டிடறாங்க.

மேப்: பிக்ட் நாட்டோட முக்கியமான பகுதி ஃபோர்ட்ரியூ. பழைய மேப்ல அதை தெற்க பெர்த் பக்கம் ஸ்ட்ராத்எர்ன்ல போட்டிருப்பாங்க. 2006ல அலெக்ஸ் வுல்ஃப் அது வடக்க, மலைத்தொடருக்கு அந்த பக்கம் மோரே கடலோரத்துல இருந்துச்சுன்னு காட்டினாரு, இப்ப பெரும்பாலும் அதைத்தான் ஏத்துக்கிறாங்க. 2006க்கு முன்னாடி வந்த மேப்பா இருந்தா தொடாதீங்க. பீட்டர் தேவாலயம் எங்கன்னு கேட்டா ரோஸ்மார்க்கி, ஃபார்ஃபர் பக்கத்து ரெஸ்டென்னெத்னு ரெண்டு பேரு அதிகமா அடிபடும். ரெஸ்டென்னெத் கோபுரத்தை காட்டி “நெக்டன் கட்டினது”ன்னு சொல்லாதீங்க, அதோட அடிப்பகுதி கூட அதுக்கு பல நூறு வருஷம் அப்புறம்தான்னு இப்ப சொல்றாங்க. இன்னொண்ணு, அபர்நெத்தி தேவாலயத்தை நிறுவின கதையில வர்ற நெக்டன் மோர்பெட் வேற ஆளு, ராஜா பட்டியல்ல நம்மாளுக்கு ரொம்ப முன்னாடி வர்றவரு.

கவருக்கு, உடம்பு பூரா பச்சை குத்தின நிர்வாண பிக்ட் வீரன் படம் ஒண்ணு எல்லா இடத்துலயும் சுத்துதே, அது வேணவே வேணாம், 16ஆம் நூற்றாண்டு கடைசில ஜான் வைட் கற்பனையா வரைஞ்ச வகை அது. ஹில்டன் ஆஃப் கேட்பால்னு சொல்ற பிக்ட் சிற்பக் கல்லு அழகுதான், ஆனா 800 வாக்குல செதுக்கினது, நெக்டன் செத்து ரெண்டு தலைமுறை தாண்டிடுச்சு. நானா இருந்தா அமியாட்டினஸ்னு சொல்ற பழைய லத்தீன் பைபிள் ஏட்டுல, பைபிள்ல வர்ற எழுத்தர் எஸ்ரா உக்காந்து எழுதற பக்கத்தை போடுவேன். பின்னாடி கதவு திறந்த அலமாரி, தட்டுல சாய்ச்சு வெச்ச புத்தகங்கள், கால் கிட்ட எழுதற சாமான். செயோல்ஃப்ரித் தலைமையில நெக்டனுக்கு லெட்டர் எழுதின அதே மடத்துல (வியர்மவுத், ஜாரோன்னு ரெண்டு இடத்துல இருந்த ஒரே மடம்), அதே வருஷங்கள்ல செஞ்சது அது. 716ல போப்புக்கு பரிசா குடுக்க அவரே எடுத்துட்டு கிளம்பி, வழியில பிரான்ஸ்ல லாங்ரஸ் ஊர்ல இறந்துட்டாரு, பைபிள் இப்ப ஃப்ளாரன்ஸ்ல லாரன்ஸிய நூலகத்துல இருக்கு. படத்துக்கு கீழ “வியர்மவுத்-ஜாரோ மடம், 716க்கு முன்”னு போடுங்க, நெக்டன்னு போட்டுடாதீங்க.