கர்ப்ப காலத்தில் ஐஜிஜி, ஐஜிஎம் ரத்தப் பரிசோதனை எதைச் சொல்கிறது?

ஐஜிஜி, ஐஜிஎம் என்பவை கிருமிகள் அல்ல. கிருமியை எதிர்க்க நம் உடலே செய்துகொள்ளும் புரதங்கள். ரூபெல்லா என்ற வைரஸ் நோய் வந்தால் பலருக்கு லேசான காய்ச்சலோடு போய்விடும், சிலருக்கு வந்ததே தெரியாது. ஆனால் கர்ப்பத்தின் முதல் 12 வாரங்களில் வந்தால் குழந்தையின் கண், காது, இதயத்தைப் பாதிக்கலாம். அதனால்தான் ரத்தத்தில் அதன் தடயத்தைத் தேடுகிறார்கள்.

ஐஜிஎம் மருதாணி மாதிரி: புதிதாக இட்டால் சிவந்திருக்கும், அப்புறம் மங்கிவிடும். அதாவது, நோய் அண்மையில் வந்திருக்கலாம் என்று காட்டும். ஐஜிஜி பச்சை குத்தியது மாதிரி. சிறு வயதில் நோய் வந்திருந்தாலும் தடுப்பூசி போட்டிருந்தாலும் பல ஆண்டுகள் நிற்கும். மருதாணி சில சமயம் ஏமாற்றவும் செய்யும். வேறு காரணத்தாலும் ஐஜிஎம் பாசிட்டிவ் வரலாம், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கலாம். அதனால் ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுக்காமல், இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்து ஐஜிஜி அளவு ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். இரண்டுமே நெகட்டிவ் என்றால் பாதுகாப்பு இல்லை என்று பொருள். தடுப்பூசியைப் பிரசவத்துக்குப் பிறகுதான் போடுவார்கள்.

"ரூபெல்லா ஐஜிஜி பாசிட்டிவ்" என்று பார்த்ததும் பல பெண்கள் பயந்து அழுதுவிடுகிறார்கள். ஐஜிஎம் நெகட்டிவாக இருந்தால் அது பெரும்பாலும் நல்ல செய்திதான், பாதுகாப்பு ஏற்கெனவே உங்கள் உடலில் இருக்கிறது.