பழைய குரல்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு வயது 29, ஊர் திருமங்கலம். கல்லூரி விடுதியில் பழகிய தோழியோடு ஆறு வருஷமாக மதுரையில் சேர்ந்து வாழ்கிறேன். 'பெரியம்மா மகள்' என்று வீட்டுக்காரரிடம் சொல்லித்தான் செல்லூரில் குடியேறினோம். போன வருஷம், தான் ஆண் என்று அவள் என்னிடம் சொன்னாள். இப்போது 'அவன்' என்றுதான் அழைக்கிறேன். ஹார்மோன் ஊசி தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. குரல் உடைந்து மீசை அரும்பியதும் பெரியம்மா மகள் கதை செல்லாது என்று திருநகருக்கு வீடு மாறினோம். இங்கே எங்களைப் புருஷன் பொண்டாட்டி என்கிறார்கள். நானோ பெண்களை விரும்புகிறவள். அவனை விடவும் மனமில்லை. ராத்திரியில் பழைய குரலை நினைத்து, அவனுக்குத் தெரியாமல் அழுகிறேன். இது துரோகமா அக்கா?

ம.

அன்புள்ள ம.,

ஆறு வருஷம் காதோடு இருந்த குரல் போயிருக்கிறது, அழத்தான் செய்வீர்கள். அதில் துரோகம் எங்கே வந்தது? மறைத்து அழுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. தன் குரல் தன்னுடையதாக அவனுக்குக் கேட்கத் தொடங்கியிருக்கும் மாதங்கள் இவை. காரணம் சொல்லாமல் நீங்கள் அழுவது தெரிந்தால், தன் உடம்பை நீங்கள் அருவருப்பதாகவே நினைத்துக்கொள்வான்.

நான் திருநங்கையாக வெளியே வருவதற்கு முன் என்னை ஒருவர் நேசித்தார். ஆண்களை விரும்பும் ஆண். நான் நிர்வாணம் (திருநங்கைகள் பெண்ணாக மாறச் செய்துகொள்ளும் அறுவை) செய்து, அதற்கு நாற்பதாம் நாள் எங்கள் வழக்கப்படி நடக்கும் பால் சடங்கு முடிந்ததும் அவர் சுங்குடிச் சேலையோடு என்னைப் பார்க்க வந்தார். அன்று ராத்திரி, அண்ணன் தங்கையை அணைப்பதுபோல என்னை அணைத்தார். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. இருந்தும் ஒரு வருஷம் இரண்டு பேரும் நடித்தோம். அவர் பிரிந்துபோனது ஆறிவிட்டது. அந்த ஒரு வருஷம் இன்னும் ஆறவில்லை. அவர் நல்லவர், இன்றைக்கும் என் நண்பர். உடம்பு விரும்பாததை விரும்பச் சொல்லி அதட்ட முடியாது.

உங்களுக்கும் இப்படித்தான் முடியும் என்று சொல்ல வரவில்லை. கூடவே இருந்து, மாறிய உடம்பை மறுபடி விரும்பியவர்களையும் எனக்குத் தெரியும். அவன் உடம்பில் இப்போது இன்னொரு விடலைப் பருவம் நடக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் தொடங்கிய முதல் மாதங்களில் பலருக்கு ஆசை பெருகும். எனக்கு ஈஸ்ட்ரோஜன் வேறு மாதிரி செய்தது: சட்டென்று மூளும் ஆசை போய், பேச்சிலும் தொடுகையிலும் மெல்லக் கனிகிற ஆசை வந்தது. அவன் வேகத்துக்கு நீங்கள் ஓட வேண்டாம், 'இன்னைக்கு வேணாம்' என்று தயங்காமல் சொல்லுங்கள். முன்பு தொட்ட இடத்தை இப்போது தொடலாமா, அதற்கு என்ன பெயர் சொல்ல வேண்டும் என்றெல்லாம் புதிதாகக் கேளுங்கள். ஆறு வருஷப் பழக்கத்தை நம்பிக் கேட்காமல் விட்டால் அவனுக்கு வலிக்கும்.

பெண்களை விரும்புகிறவள் என்பது உங்கள் வாழ்க்கை, அதை யாரும் பிடுங்க முடியாது. ஆனால் 'எங்களுடையது பெண்-பெண் காதல்' என்று நீங்கள் மற்றவர்களிடம் சொன்னால், அவன் ஆணே இல்லை என்று சொன்னதாகிவிடும். அவனைப் போல ஆணாக வாழ வந்த பல திருநம்பிகள் உடைந்துபோகும் இடம் இது. இருவருக்கும் பொதுவான சொல்லை அவனையும் வைத்துக்கொண்டு தேடுங்கள்.

புருஷன் பொண்டாட்டி என்று திருநகர் சொல்வதைப் பற்றி. வீட்டாருக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரண்டு பெண்களின் வழக்கில், 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் பாதுகாப்புக் கொடுத்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தன்பாலின உறவைப் புரிந்துகொள்ளத் தானே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்தார். ஆனால் 2023இல் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை ஏற்கவில்லை. எதிர்பாலின உறவில் உள்ள திருநர் இருக்கும் சட்டங்களின்படியே மணக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. 2019லேயே சென்னை உயர் நீதிமன்றத்தின் நம் மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்றால் திருநங்கையும்தான் என்று சொல்லிவிட்டது. ஆக, செல்லூரில் உங்களுக்குக் கிடைக்காத கல்யாணம் திருநகரில் கிடைக்கக்கூடும். அதே இரண்டு பேர், அதே பாய் தலையணை. எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு. கிடைக்கிற மரியாதை அவனுக்குப் பாதுகாப்பு, வேண்டாம் என்று தள்ளாதீர்கள். அதற்குள் உங்களில் ஒரு பாதி மறைந்துபோவதாகத் தோன்றினால், அதையும் அவனிடமே முதலில் சொல்லுங்கள்.

பழைய குரல் போனில் எங்காவது பதிவாகியிருந்தால் அழிக்க வேண்டாம். வைத்துக்கொள்ளலாமா என்று அவனைக் கேளுங்கள். சரி என்றால், அவன் வேலைக்குப் போன பிறகு கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் எனக்கு எழுதுங்கள்.