கன்ட்ரோலர் தவறும் இடம்: விமானப் போக்குவரத்துக் கேள்வி பதில்

கேள்வி: 2002-ல் ஜெர்மனியின் ஊபர்லிங்கன் வானில் இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தார்களே, அது கன்ட்ரோலரின், அதாவது தரையிலிருந்து விமானங்களை வழிநடத்துபவரின் தவறுதானே?

பதில்: தவறு நடந்தது உண்மை. ஆனால் அந்த வான்பகுதியைக் கவனித்த சுவிட்சர்லாந்தின் சூரிச் கட்டுப்பாட்டு அறை ஜூலை 1 இரவு எப்படி இருந்தது என்று பாருங்கள். பணியில் இருவர், ஒருவர் ஓய்வெடுக்கப் போய்விட்டார். நிர்வாகம் கண்டும் காணாமல் விட்டிருந்த வழக்கம் அது. மிஞ்சியவர் தனியாளாக இரண்டு திரைகளையும் இரண்டு அலைவரிசைகளையும் கவனித்தார். பராமரிப்பு வேலை நடந்ததால் திரையில் மோதல் எச்சரிக்கை வராது. முக்கியத் தொலைபேசி இணைப்பு நிறுத்தப்பட்டிருந்தது, மாற்று இணைப்பும் பழுது. தாமதமாக வந்த ஓர் ஏர்பஸ்ஸை இறக்க, பக்கத்து விமான நிலையத்துக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ கட்டுப்பாட்டு மையத்தில் ஆபத்தைப் பார்த்தவர்கள் சூரிச்சை அழைத்தார்கள், லைன் கிடைக்கவில்லை. அவர் கவனித்தபோது ஒரு நிமிஷம்கூட மிச்சமில்லை. இதை ஒருவர் தலையில் கட்டுவது அநியாயம்.

கேள்வி: விமானங்களில் மோதல் தடுப்புக் கருவி இல்லையா?

பதில்: இரண்டிலும் இருந்தது, சரியாகவும் வேலை செய்தது. ரஷ்ய விமானத்தை ஏறச் சொன்னது, சரக்கு விமானத்தை இறங்கச் சொன்னது. அதே நேரத்தில் கன்ட்ரோலர் ரஷ்ய விமானத்தை இறங்கச் சொன்னார். கருவி பேசியது அவருக்குத் தெரியாது. ரஷ்ய விமானிகள் அவர் சொல்லைக் கேட்டார்கள், இரண்டும் இறங்கின. கருவி சொல்வதே முதல் என்ற விதி இப்போது தெளிவாக இருக்கிறது. எனக்கு ஆறாத விஷயம், 2001 ஜனவரியிலேயே ஜப்பானில் இப்படி நடந்தது. பயிற்சி கன்ட்ரோலர் 958 என்ற எண்ணுள்ள விமானத்துக்குச் சொல்ல வேண்டியதை 907-க்குச் சொன்னார். கருவி ஏறச் சொல்லியும் 907 அவர் சொன்னபடி இறங்கியது. விமானங்கள் மயிரிழையில் தப்பின. அப்போதே உலகம் முழுவதற்கும் விதியைத் திருத்தியிருக்கலாம்.

கேள்வி: ஊபர்லிங்கன் விபத்துக்குத் தண்டனை யாருக்கு?

பதில்: 2007-ல் சுவிஸ் நீதிமன்றம் சூரிச் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் நான்கு மேலாளர்களைக் குற்றவாளிகள் என்றது. அந்தக் கன்ட்ரோலர் அப்போது உயிருடன் இல்லை. விபத்தில் குடும்பத்தை இழந்த ஒருவர் 2004-ல் அவரைக் கொன்றுவிட்டார்.

கேள்வி: 1996-ல் ஹரியானாவின் சர்கி தாத்ரி வானில் இரண்டு விமானங்கள் மோதிய விபத்தும் கன்ட்ரோலரால்தானா?

பதில்: இல்லை. அவர் கொடுத்த உயரங்கள் சரி. கஜகஸ்தான் விமானம் தனக்குச் சொன்ன 15,000 அடிக்குக் கீழே இறங்கிவிட்டது. 349 பேர் இறந்தார்கள். அப்போது டெல்லியில் பயன்பட்ட ரேடார் உயரத்தைக் காட்டாது, விமானி சொல்வதை நம்பத்தான் வேண்டும்.

கேள்வி: அன்றாடம் எங்கே சறுக்குகிறது?

பதில்: காதில். விமானி உத்தரவைத் திருப்பிச் சொல்வார், கன்ட்ரோலர் அதைச் சரிபார்க்க வேண்டும். மனம் அடுத்த விமானத்துக்குப் போய்விட்டால், தான் சொன்னதே திரும்பி வந்ததாகத் தோன்றிவிடும். ஒரே மாதிரி எண்ணுள்ள விமானங்கள் ஒரே அலைவரிசையில் இருந்தால் இன்னும் சிக்கல். அப்போது ஒரு விமானத்தின் அழைப்புப் பெயரைத் தற்காலிகமாக மாற்றச் சொல்ல விதியில் இடமுண்டு.