அப்பாவின் வாட்ஸ்அப் வைத்தியம்: முதலில் தையல் டேப்பை எடுங்கள்

பெரம்பூரில் இருக்கும் அப்பாவுக்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம் (தொப்பை, சர்க்கரை, பிரஷர், ரத்தக் கொழுப்புக் கோளாறுகள் ஒன்றாகச் சேர்ந்து வருவது) என்று டாக்டர் சொல்லியும், வாட்ஸ்அப்பை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டு வெண்டைக்காய் ஊறிய தண்ணீர் குடிக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். மாத்திரை நின்றதை உடனே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவார், பரவாயில்லை.

அப்புறம், அப்பாவோடு வாதாட வேண்டாம். என் மாமாவிடம் வாதாடித் தோற்றவன் நான். பலன் தந்தது தையல் டேப்தான். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சுற்றி, மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். நம்மூர் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 வந்தாலே கணக்கில் சேரும். "பேன்ட் 34 தானே" என்பார். பேன்ட் நிற்பது தொப்பைக்குக் கீழே!

பிறகு லேப் ரிப்போர்ட்டையும் பேனாவையும் அவர் கையிலேயே கொடுங்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை 100, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 150, பிரஷர் 130/85. எட்டியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம். அதற்கென்று மாத்திரை சாப்பிட்டாலும் வட்டம்தான். 'நல்ல கொழுப்பு' என்கிற எச்டிஎல் மட்டும் தலைகீழ்: ஆண்களுக்கு 40க்குக் கீழே, பெண்களுக்கு 50க்குக் கீழே போனால் வட்டம். இடுப்பையும் சேர்த்து ஐந்தில் மூன்று விழுந்தால் அதுதான் டாக்டர் சொன்ன பெயர்.

அடுத்த ஃபார்வர்டு வந்தால் "பொய்" என்று சொல்லாதீர்கள். "இது எந்த வட்டத்தைக் குறைக்குமாம்? யார் அளந்து பார்த்தார்களாம்?" என்று கேளுங்கள். நாட்டுச்சர்க்கரைக்குச் சுகர் ஏறாது என்று மாமா சாதித்துக்கொண்டிருந்தார். காபி குடித்துவிட்டு குளுக்கோமீட்டரில் தானே விரலைக் குத்திப் பார்த்த அன்றுதான் வாயை மூடினார்.