பாக்குல என்ன கரண்டா இருக்கு?

கடிதம்:

அண்ணே வணக்கம், பர்மாவுல பெகுலேர்ந்து எழுதுறேன். போன கட்டுரையில நரம்புல ஓடுறது கரண்ட்டு மாதிரின்னு எழுதிருந்தீங்க. எங்க மாமா லைன் கார் (ரூட்டு பஸ்) ஓட்டுறவர், விடியக்காலை 4 மணிக்கு வண்டி எடுக்கும்போது பொயல போட்ட குன்யா (வெத்தலையில பாக்கும் சுண்ணாம்பும் வச்சு மடிச்சது) ஒண்ணை வாயில அடக்கினாத்தான் கண்ணு முழிக்கும்னு சொல்றார். நரம்புல கரண்ட்டுதான் ஓடுதுன்னா பாக்கும் வெத்தலையும் அதை எப்படி தொடுது, பாக்குல என்ன கரண்டா இருக்கு? மாமாவை நிறுத்தச் சொல்லணும், எப்படின்னும் சொல்லுங்க.

பதில்:

தம்பி, இந்தக் கேள்வியில நான் நல்லா மாட்டிக்கிட்டேன். ரங்கூன்ல கரண்ட் எப்ப வரும்னு பாத்துக்கிட்டே இருக்கிற ஆளு, அதான் எதைப் பாத்தாலும் கரண்ட்டாவே தெரிஞ்சிருக்கு. நான் எழுதுனது பாதிதான் சரி. ஒரு நரம்பு செல்லுக்குள்ள ஓடுறது மின்சாரம்தான், ஆனா அந்த செல் முடியிற எடத்துல பெரும்பாலும் வயர் அறுந்துதான் கெடக்கும், அடுத்த செல்லுக்கு நடுவுல 20லேர்ந்து 40 நானோமீட்டர் இடைவெளி, தலைமுடி தடிமன்ல ஆயிரத்துல ஒரு பங்குகூட இல்ல, ஆனாலும் கரண்ட் அதைத் தாண்டாது. (நேரா ஒட்டிக்கிட்டு கரண்ட்டையே கடத்துற செல்லுங்களும் உண்டு, அது கம்மி.) அதனால நுனிக்கு கரண்ட் வந்ததும் கால்சியம் உள்ள பாயும், அங்க தயாரா இருக்கிற குட்டிக் குட்டிப் பைகள் வெடிச்சு ஒவ்வொண்ணுலேர்ந்தும் ஆயிரக்கணக்குல ரசாயன மூலக்கூறு வெளிய கொட்டும், அது எதிர்ப்பக்கத்துல இருக்கிற ஏற்பியில போய் ஒக்காரும். ஏற்பிய பூட்டுன்னு வச்சுக்க. இவ்வளவும் ஆக ஒரு மில்லி செகண்டுதான்.

இதைக் காட்டுனவர் ஆஸ்திரியாவுல ஓட்டோ லோவின்னு ஒருத்தர், 1921-ல. ராத்திரி கனவுல ஐடியா வந்து தூக்கக் கலக்கத்துல எழுதி வச்சாராம், காலையில பாத்தா தன் கையெழுத்தே புரியல, மறுநாள் ராத்திரி அதே கனவு வந்ததும் இந்தத் தடவ எழுதாம நேரா லேபுக்கே போயிட்டார். ரெண்டு தவளை இதயத்தை தனித்தனியா உப்புத் தண்ணியில துடிக்க விட்டு, ஒண்ணோட நரம்பைத் தூண்டுனதும் அது மெதுவாச்சு, அந்தத் தண்ணியை எடுத்து நரம்பே தூண்டாத ரெண்டாவது இதயத்துல விட்டா அதுவும் மெதுவாச்சு. தண்ணியில என்ன கரண்டா இருக்கு? உன் கேள்வியேதான் தம்பி! அந்தச் சரக்குதான் அசிட்டைல்கோலின், 1936-ல ஹென்றி டேல்னு இன்னொரு விஞ்ஞானியோட சேர்ந்து லோவி நோபல் வாங்குனார்.

இப்ப குன்யாவுக்கு வர்றேன். அதே அசிட்டைல்கோலின் இதயத்தை மெதுவாக்கும், ஆனா கைத்தசையில போய் விழுந்தா தசையை இறுக்கும். சரக்கு ஒண்ணு, சேதி வேற வேற, ஏன்னா சேதி சரக்குல இல்ல, வாங்கிக்கிற பூட்டுலதான் இருக்கு. அதுக்கு ரெண்டு ஜாதி பூட்டு, ஒண்ணுக்கு நிகோடினிக்னு பேரு, புகையிலைச் சரக்கு அதைத் திறக்கிறதால. இன்னொண்ணு மஸ்கரினிக், அது ஒரு காளான் விஷத்தோட பேரு. பாக்குல இருக்கிற அரிகோலின் அந்த ரெண்டாவது பூட்டுக்கு கள்ளச்சாவி. எச்சில் ஊறுறதும் மொத மொத போடுறவனுக்கு வேர்த்து ஊத்துறதும் (நான் போட்ட அன்னைக்கு சட்டையே நனைஞ்சுது) அதனாலதான், மூளைக்குள்ளயும் அது போகும். பொயலயில இருக்கிற நிகோடின் மொத பூட்டைப் பாத்துக்கும், சுண்ணாம்பு ரெண்டையும் வாய்த்தோல் வழியா சட்டுனு ரத்தத்துல ஏத்தி விடும். ஆக மாமா வாயில அடக்குறது ரெண்டு பூட்டுக்கும் சேத்து ஒரே பொட்டலம். கரண்ட் ஒரு துளி கெடையாது.

இதையே தலைகீழா பாக்கணும்னா கட்டுவிரியனை எடுத்துக்க. வயக்காட்டுப் பக்கம் தரையில தூங்குறவங்களை ராத்திரியில கடிக்கும், வலியே பெருசா தெரியாது, அப்பறம் கண்ணிமை தொங்கும், பேச்சு குழறும், மூச்சுத் தசை நின்னுடும். அதோட விஷத்துல ஒரு பங்கு நிகோடினிக் பூட்டு ஓட்டையில போய் அடைச்சுக்குது, நரம்பு கரண்ட்டையும் அனுப்பும் சரக்கையும் கொட்டும், வாங்க ஆளில்ல. இதயத்துல இருக்கிறது மத்த ஜாதி பூட்டு, அதனால அது துடிச்சுக்கிட்டே இருக்கும், மெஷின்ல மூச்சு குடுத்து ஆளைக் காப்பாத்த முடியுறதே அதனாலதான். 1963-ல தைவான்ல சாங், லீன்னு ரெண்டு பேர் கட்டுவிரியன் விஷத்துலேர்ந்து அந்தச் சரக்கைத் தனியா பிரிச்சாங்க, பின்னாடி அதையே தூண்டிலா வச்சுத்தான் அந்தப் பூட்டையே பிடிச்சாங்க. விஷத்தால இப்படி ஒரு உபகாரம்.

மாமா விஷயம். ஒரே நாள்ல விடச் சொல்லாத. நிகோடின் தினம் வந்தா மூளை அந்தப் பூட்டுங்களை கூட்டிக்கும், திடீர்னு நிறுத்துனா திறக்க ஆளில்லாம அத்தனையும் கெடக்கும், அதான் எரிச்சலும் தலைவலியும். மொதல்ல பொயலயக் கழட்டச் சொல்லு, பிறகு எண்ணிக்கையைக் குறைக்கட்டும். ஆனா பொயல இல்லாத பாக்கும் வாய்ப்புற்றுநோயைக் கொண்டு வரும், அதை உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு மையமே சொல்லிருக்கு, அதனால பாதியில நிக்க வேணாம். வாயில வெள்ளைத் திட்டு இருந்தாலோ வாய் முன்ன மாதிரி அகலமா திறக்கலன்னாலோ உடனே டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ. விடியக்காலை 4 மணிக்கு சூடா ஒரு லப்பியே (அதான் டீ) போதும், அதுல இருக்கிற காஃபின் தூக்கம் வரவைக்கிற அடினோசினோட பூட்டை அடைச்சுக்கும், அந்தக் கதை தனியா எழுதணும். மாமா கோவப்பட்டா என் பேரை மட்டும் சொல்லிடாத, நான் அடிக்கடி அந்த லைன்ல வர்ற ஆளு.