ஒரு மூட்டைக் கம்புக்குப் போன தோட்டம்

கேள்வி: தாது வருஷப் பஞ்சத்தில் எங்கள் பாட்டனாரின் தகப்பனார் பத்து ஏக்கர் கிணற்றுத் தோட்டத்தை ஒரு மூட்டைக் கம்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டார் என்றும், அவருடைய தம்பி இலங்கையில் கண்டிக்குப் போனவர் திரும்பவே இல்லை என்றும் எங்கள் ஆத்தா சொல்வார். இப்போது பரணில் ஒரு தகரப் பெட்டி நிறையப் பழைய பத்திரங்கள் கிடைத்திருக்கின்றன. சிலவற்றில் விக்டோரியா ராணி தலை இருக்கிறது. ஆத்தா சொன்னது நிஜமா? இவற்றை வைத்துத் தெரிந்துகொள்ள முடியுமா?
– ஒரு வாசகி, தாராபுரம் வட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முடியும். ஆத்தா சொன்னதை நம்புங்கள். ஆனால் அந்தத் தோட்டம் ஒரே நாளில் கைமாறியிருக்கும் என்று எண்ணி, 1876, 1877 தேதியிட்ட ஒரே ஒரு பத்திரத்தைத் தேடாதீர்கள். பெரும்பாலான குடும்பங்களில் நிலம் போனது பஞ்சம் முடிந்த பிறகு, நாலைந்து வருஷக் கடனில்தான். அதனால் 1875 முதல் 1890 வரை உள்ள தாள்கள் எல்லாமே உங்களுக்கு வேண்டும்.

முதலில் தாள்களைக் காப்பாற்றுங்கள். லேமினேஷன் கூடாது, செல்லோடேப் ஒட்டக் கூடாது. மடிப்பைப் பலவந்தமாக நீவினால் அந்த இடத்திலேயே கிழியும். ஜன்னல் ஓரம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி முன்னும் பின்னும் படமெடுங்கள். பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை; முத்திரைத்தாள் விற்றவர் பெயரும் தேதியும், பதிவு அலுவலகக் குறிப்பும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அடுத்து தேதி. ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ நாள், ௹ ரூபாய். தாது வருஷம் என்று கண்டதும் முடிவு கட்டிவிடாதீர்கள். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அது திரும்பும்; 1936-37ம் தாதுதான். முத்திரையில் விக்டோரியா தலை இருந்தால் 1876-77. அடுத்தடுத்து வருபவை ஈசுவர, வெகுதானிய, பிரமாதி. பட்டாவிலும் கிஸ்து (நிலவரித் தவணை) ரசீதிலும் பசலி, அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறை வருஷம், போட்டிருப்பார்கள். அதோடு 590 கூட்டுங்கள்: பசலி 1286 என்பது 1876 ஜூலையில் தொடங்கிய வருஷம்.

இனி கடன் ஏறிய விதம். 1876-ல் மழை பொய்த்தது. புஞ்செய்க்கு விளைச்சல் இல்லாவிட்டாலும் சாதாரணமாகத் தீர்வை வஜா (நிலவரித் தள்ளுபடி) கிடைக்காது. பாக்கி விழுந்தால் 1864-ம் வருஷத்து வருவாய் வசூல் சட்டப்படி நிலத்தை ஜப்தி செய்து ஏலம் விடலாம். ஆகவே முதல் கடன் பலருக்குக் கிஸ்துக்காகவே இருந்தது. நிவாரண வேலைக்குப் போயிருக்கலாமே என்று இன்றைக்குத் தோன்றும். 1877 தொடக்கத்தில், பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் அங்கே ஆண் கூலியை நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஒரு அணாவும் என்று குறைத்தார். ராத்தல் என்பது சுமார் 450 கிராம். ஒன்றரை ராத்தலாவது வேண்டும் என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். நாள் முழுக்கக் கல்லுடைக்கும் உடம்புக்கு ஒரு ராத்தல் என்பது கொடுமை; அதை வேறு எந்தச் சொல்லாலும் சொல்ல முடியாது.

கிணற்றுத் தோட்டத்துக்கு இன்னொரு அடியும் விழுந்தது. கவலை இறைக்க, அதாவது மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்க, ஒரு சாலுக்கு (நீர் அள்ளும் பெரிய வாளி) ஒரு ஜோடி மாடு வேண்டும். தீவனமில்லாமல் மாடு செத்தபின், 1877 கடைசியில் மழை வந்தும் உழவும் இறைப்பும் நின்றன. மாடில்லாத தோட்டம் மேட்டாங்காடுதான், மழையை மட்டும் நம்பிய நிலம். எனவே 1878, 79 கடன் பத்திரங்களில் மாடு வாங்கிய வகை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

மூட்டைக் கணக்கும் இங்கேதான் விளங்கும். விலை மூன்று மடங்காக இருந்தபோது வாங்கிய ஒரு மூட்டைக் கம்பை ரூபாயில் எழுதிக்கொண்டால், விலை இறங்கியபின் அதை அடைக்க மூன்று மூட்டை விற்க வேண்டும். வட்டி தனி. மாதிரிக்கு, 40 ரூபாய்க் கடன், நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்று வையுங்கள். வருஷாவருஷம் வட்டியை அசலில் சேர்த்துப் புதுப் பத்திரம் எழுதினால், மூன்றாம் வருஷ முடிவில் 76 ரூபாய், ஐந்தாம் வருஷ முடிவில் 117 ரூபாய்.

அந்த 117-ஐக் கவனியுங்கள். நிலத்தின் மேல் எழுதும் பத்திரத்தில் தொகை 100 ரூபாய்க்குக் கீழே இருந்தால் அப்போது பதிவு கட்டாயமில்லை. ஆகவே ஆரம்பத்துச் சின்னக் கடன்கள் எந்த ஆபீசிலும் இருக்காது. உங்கள் தகரப் பெட்டியில் மட்டுமே இருக்கும். பதிவேட்டில் கிடைப்பது கடைசிக் கிரயம்தான். அதில் கிரயத் தொகை எப்படிப் பைசலானது என்ற பத்தியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ரொக்கமாக எவ்வளவு, முந்தைய கடனில் கழித்தது எவ்வளவு, அந்தக் கடன் என்ன தேதி என்று இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகலாம்.

பதிவான பத்திரத்தின் பின்பக்கம் 1 புத்தகம், வால்யூம், பக்கம், நெம்பர் என்று எழுதியிருக்கும். அந்த எண்களோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலுக்கு மனுப் போடுங்கள். எண் தெரியாவிட்டால் கிராமம், சர்வே எண், உத்தேச வருஷம், எழுதிக் கொடுத்தவர் பெயர் ஆகியவற்றைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். பெயர்வாரியாக ஒன்று, சொத்துவாரியாக ஒன்று என்று அட்டவணைகள் உண்டு. ஆன்லைன் வில்லங்கத்தில் இவ்வளவு பழையது வராது, மனுவாகத்தான் போட வேண்டும். அந்தக் காலத்தில் பட்டா யார் பெயரில் இருந்தது என்பதற்குச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உங்கள் கிராமத்து செட்டில்மென்ட் (நிலத் தீர்வை நிர்ணய) பதிவேட்டைக் கேளுங்கள்.

தம்பி விஷயம் கடினம். கோயமுத்தூர் மாவட்ட ஜனத்தொகை 1871-ல் சுமார் 17.6 லட்சம், 1881-ல் 16.6 லட்சம். செத்தவர்களும் உண்டு, ஊரைவிட்டுப் போனவர்களும் உண்டு. மொரீஷியசுக்கும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களுக்குத் தகப்பன் பெயர், ஊர், அங்க அடையாளம் வரை பதிவு இருக்கிறது. கண்டிக் காப்பித் தோட்டங்களுக்குக் கங்காணி (ஆள் சேர்க்கும் மேஸ்திரி) முன்பணம் கொடுத்து அழைத்துப் போனவர்களுக்கு அப்படி ஆள்வாரிப் பதிவு இல்லை. அதனால் ஊர்ப் பக்கமிருந்தே தேடுங்கள். பின்னால் நடந்த பாகப் பிரிவினையில் அவர் பங்கு எப்படி எழுதப்பட்டிருக்கிறது, அவருக்காக யாராவது கையெழுத்துப் போட்டார்களா, பங்கை விட்டுக்கொடுத்து எழுதிய விடுதலைப் பத்திரம் ஏதும் உண்டா என்று பாருங்கள். அப்படி ஒன்று அகப்பட்டால், அது எழுதப்பட்ட ஊரின் பெயரையும் சாட்சிகளின் பெயரையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.