பாலும் ஆப்பிளும்

கேள்வி: கொடுங்கோல் சமூகத்தைக் கற்பனை செய்யும் டிஸ்டோபியா நாவல்கள் எதை எடுத்தாலும் அரசு ஊழலில் ஊறிக் கிடக்கிறது. அதே அரசு மக்கள் விடும் மூச்சைக்கூட எண்ணுகிறது. ஊழல் மலிந்த அரசால் இவ்வளவு கச்சிதமாக இயங்க முடியுமா? எழுத்தாளர்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்றே எனக்குப் படுகிறது.

பதில்: கச்சிதம் என்று யார் சொன்னது? 1949இல் வெளிவந்த, ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். லிஃப்ட் ஓடவில்லை. பகலில் மின்சாரம் இல்லை. சவரம் செய்ய பிளேடு கிடைக்காமல் அலைகிறார்கள். ஒரு பிளேடு கொடுக்கத் துப்பில்லாத அரசுதான் அது. ஆனால் வீட்டுச் சுவரில் ஆட்களை வேவு பார்க்கும் ஒரு திரையை மாட்டி, எந்த நேரத்தில் பார்க்கிறோம் என்று சொல்லாமல் வைத்திருக்க அதற்குத் தெரியும். அது போதும், ஒவ்வொருவரும் தன் முகத்தைத் தானே காவல் காக்கிறார்.

அப்புறம், ஊழல் என்றதும் நீங்கள் கைமாறும் பணத்தை நினைக்கிறீர்கள். லஞ்சம் வாங்குகிறவனுக்குச் சட்டத்தின் மேல் இன்னும் பயம் இருக்கிறது, ஒளித்து வாங்குகிறான். சட்டத்தையே திருத்தி எழுதுகிறவனுக்கு எதை ஒளிக்க வேண்டும்?

ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை' (1945) இதைத்தான் படிப்படியாகக் காட்டுகிறது. பண்ணை முதலாளியை விலங்குகள் விரட்டியடிக்கும் புரட்சி முடிந்து, பன்றிகள் தலைமை ஏற்றதும் மாடுகளிடம் ஐந்து வாளி பால் கறக்கிறார்கள். எல்லோரும் அறுவடைக்குப் போய்த் திரும்பும்போது பாலைக் காணோம். பிறகு ஆப்பிளும் பன்றிகளுக்கே என்றாகிறது. மூளையால் உழைக்கிறவர்களுக்கு இவை தேவை, இல்லையென்றால் பழைய முதலாளி திரும்பி வந்துவிடுவான் என்று விளக்கம் வருகிறது. மற்ற விலங்குகள் சரி என்று விட்டுவிடுகின்றன. கதையின் திருப்புமுனையே இந்தப் பாலும் ஆப்பிளும்தான் என்று ஆர்வெல் பின்னால் ஒரு கடிதத்தில் எழுதினார். கொலைகள் நடக்கும் இடத்தை அவர் சுட்டவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அதற்கப்புறம் பன்றிகள் கட்டிலில் படுக்கின்றன. கட்டிலில் படுக்கக் கூடாது என்ற கட்டளை சுவரில் இருந்ததே என்று க்ளோவர் என்ற குதிரை போய்ப் பார்க்கிறது. 'விரிப்புடன்' என்ற சொல் புதிதாக முளைத்திருக்கிறது. க்ளோவருக்கு அப்படி ஒரு சொல் நினைவில் இல்லை. சுவரில் இருப்பதால் இருந்திருக்கும்போல என்று நம்பிவிடுகிறது. எனக்கு அந்த நாவலில் மிகவும் வலிக்கும் இடம் இது. திருட்டு நடந்த பிறகு சட்டம் திருட்டுக்கு ஏற்றபடி மாறுகிறது. அதற்குமேல் அங்கே ஊழலே கிடையாது, எல்லாம் சட்டப்படிதான்!

நீங்கள் இரண்டாகப் பிரித்த ஊழலும் அதிகாரமும் ஒன்றில் ஒன்று வளர்வது இப்படித்தான். '1984'இல் கட்சி மேலிடத்துக்காரர் தன் வீட்டுத் திரையை அணைத்துக்கொள்ளலாம், அது அவருடைய சலுகை. மற்றவர்களுக்கு அது கிடையாது. கண்காணிப்பிலிருந்து விலக்கு என்பதும் அங்கே ஒரு சொத்து.

மிகைப்படுத்துகிறார்கள் என்ற உங்கள் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். இந்த வகையின் முன்னோடியான, ரஷ்ய எழுத்தாளர் ஸமியாதினின் 'நாம்' நாவல் 1920, 21 வாக்கில் ரஷ்ய மொழியில் எழுதப்பட்டது. சோவியத் அரசு அதை அச்சிட விடவில்லை. முதலில் அச்சேறியது 1924இல், நியூயார்க்கில், ஆங்கிலத்தில். ஸமியாதின் நாட்டைவிட்டு வெளியேற அனுமதி கேட்டு 1931இல் ஸ்டாலினுக்கே கடிதம் எழுத வேண்டியிருந்தது. அவர் பாரிஸில் 1937இல் இறந்தார். சோவியத் வாசகர்கள் தங்கள் நாட்டில் அச்சான அந்த நாவலைக் கையில் எடுத்தது 1988இல்.